ஏழாம் நம்பர் டேங்க்

இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரித் துணி துவைத்தவள் நான். ரத்தமோ சீழோ மலமோ எதுவும் என்னை முகம் சுளிக்க வைத்ததில்லை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற மூட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டு, அதே கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து சோறு தின்கிற பழக்கம் எனக்கு உண்டு. அப்படிப்பட்ட எனக்கு அந்த ஊரில் இருந்த ஒன்பது நாளும் ஒரு கவளம் ஒழுங்காகத் தொண்டையில் இறங்கவில்லை.

போனது என்னவோ புண்ணியத்துக்குத்தான். தங்கச்சி அங்கே குடிபோய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. "உலகமே இங்க வந்து முங்கிட்டுப் போகுது, கூடப் பொறந்தவ நீ ஒருத்திதான் வரமாட்டேங்கிற" என்று ஃபோன் போடும்போதெல்லாம் குறைப்பட்டுக்கொள்வாள். அந்த ஊரில் ஒரு ஆறு; ஆற்றங்கரை நெடுகக் கோயில்கள். ஊரை விட்டு வெளியே வந்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் திராட்சைத் தோட்டம், நடுநடுவே ஒயின் கம்பெனிகள். சாமி கும்பிட வருகிற கூட்டம் ஒன்று, ஒயின் ருசி பார்க்க வருகிற கூட்டம் ஒன்று. பஸ் ஸ்டாண்டில் என் பையை வாங்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டே ஆட்டோக்காரர் கேட்டார்.

"எங்கம்மா? முங்கவா, முழுங்கவா?"

சிரித்துவிட்டேன். "என் வயசுக்கு முங்கத்தாங்க."

"அப்படிச் சொல்லிட முடியாதும்மா. காலையில முங்கிட்டு சாயந்தரம் முழுங்கறவங்கதான் இங்க ஜாஸ்தி."

அந்த ஊரில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு ஒயின் கம்பெனியில் மேஸ்திரி. கம்பெனிக்குப் பின்னாலேயே குடியிருப்பு. முன் வரிசை மேஸ்திரிமாருக்கு. இரண்டு அறை, தனிக் குழாய். பின் வரிசை கூலியாட்களுக்கு. ஒரே அறை, எட்டு வீட்டுக்கு ஒரு குழாய். இரண்டு வரிசைக்கும் பக்கவாட்டில் ஒரு மதில். அந்த மதிலுக்கு அந்தப்புறம்தான் பிழிந்துபோட்ட திராட்சைச் சக்கையை மலைபோலக் குவித்திருந்தார்கள்.

ஆட்டோவை விட்டு இறங்கியதுமே அந்த வாடை முகத்தில் அறைந்தது. பழம் அழுகி, புளித்து, அதன் தலையில் சர்க்கரைப்பாகை ஊற்றிவைத்த மாதிரி வாடை. நாற்றம் என்றால் நாற்றம் என்று ஒதுக்கிவிடலாம். இது நாற்றமும் இல்லை, மணமும் இல்லை. தித்திப்பாக வந்து நாக்கில் ஒட்டிக்கொண்டது. கொசுவைவிடச் சின்னதாக ஈக்கள். டீ கிளாஸில், தலையணையில், கண்ணிமையில், எங்கே பார்த்தாலும் அவைதான். தங்கச்சி வீட்டில் மூடாமல் ஒரு பாத்திரம் கிடையாது. குடிதண்ணீர்ச் செம்பின்மேல்கூடத் துணி கட்டி வைத்திருந்தாள்.

கதவைத் திறந்தவள் "வாக்கா" என்றாள். பையை வாங்கவில்லை. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"என்னடி, ஒடம்பு சரியில்லையா?"

"வியாழக்கிழமை கம்பெனியில ஒருத்தர் செத்துட்டாருக்கா. இவருக்குக் கீழ வேலை பாத்தவரு."

"அட பாவமே. ஃபோன்ல ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் அடுத்த மாசம் வந்திருப்பேனே."

"அதான் சொல்லலை. நீ இப்ப எங்கூட இருக்கணும்னு தோணுச்சு."

அம்மா போகும்போது இவளுக்கு ஏழு வயது. தலைவாரிச் சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, கல்யாணம் பண்ணிக்கொடுத்தது நான். அவள் அப்படிச் சொன்னதும் மனசு இளகிவிட்டது. எதற்காக என்னைக் கூட இருக்கச் சொன்னாள் என்பது பிறகுதான் புரிந்தது.

மாப்பிள்ளை மத்தியானம் வந்தார். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் கத்தரிப்பூ நிறம். அறுவடைக் காலத்தில் அப்படித்தான் இருக்குமாம். எந்தச் சோப்புக்கும் போகாதாம். "வாங்க அண்ணி" என்றார். தட்டின் முன்னால் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார், பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் சாயங்காலம் கொல்லைக் குழாயடியில் ரப்பர் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவராகவே வாயைத் திறந்தார். நான் பக்கத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். காற்று அசையாத புழுக்கம். மதிலுக்கு மேலே ஈக்கள் புகைமாதிரி எழும்பி எழும்பி அடங்கின.

"சிவப்பு ஒயினுக்குப் பழத்தைத் தோலோட டேங்க்ல போட்டுப் பொங்க விடுவோம் அண்ணி. பத்துப் பன்னண்டு நாள் கழிச்சு சாறை எறக்கிட்டா, சக்கை மட்டும் உள்ள நிக்கும், இடுப்புயரத்துக்கு. கீழ ஒரு சின்னக் கதவு இருக்கு. ஆளு குனிஞ்சு உள்ள போயி மம்பட்டியால வாரி வெளிய தள்ளணும்."

"ம்."

"பொங்கும்போது ஒரு காத்து வரும். கண்ணுக்குத் தெரியாது. கனமான காத்து. தண்ணி மாதிரி அடியில போயி உக்காந்துக்கும். அதை மூச்சுல இழுத்தா முடிஞ்சுது கதை. அதுக்குத்தான் ப்ளோயர்னு ஒரு பெரிய காத்தாடி இருக்கு. ஒரு மணி நேரம் அதை ஓடவிட்டு, உள்ள இருக்கற காத்தையெல்லாம் வெளிய தள்ளிட்டுத்தான் ஆளை எறக்கணும்."

"அன்னிக்கு ஓடவிட்டீங்களா?"

அவர் பூட்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து ஊதா நிறத் தண்ணீர் வழிந்து என் காலடிக்கு வந்தது.

"கேட்டேன் அண்ணி. ஒயின் ருசி பாக்கற ஹால்ல ஏ.சி. ரிப்பேரு. நாப்பது பேரு வந்து உக்காந்திருக்காங்க, வேர்க்குதுங்கறாங்கன்னு மேனேஜர் ப்ளோயரை அங்க தூக்கிட்டுப் போகச் சொல்லிட்டாரு. சாயந்தரம் வந்துடும்னாங்க. இங்க அடுத்த லோடு பழம் வாசல்ல வெயில்ல நிக்குது. நான்தான் சொன்னேன், 'கதவோரமா நின்னு ஒரு பத்து நிமிஷம் வாரிப் போடுடா'ன்னு."

அந்த ஆளுக்குக் கம்பெனியில் பாட்டுக்காரன் என்றுதான் பெயர். டேங்குக்குள் குரல் நன்றாக எதிரொலிக்கும் என்பதால் உள்ளே போனால் பாட ஆரம்பித்துவிடுவாராம். வெளியே நிற்கிறவர்கள் இன்ன பாட்டு வேண்டும் என்று கேட்பார்களாம்.

"ஏழாம் நம்பர் டேங்க். பாடிட்டேதான் போனான். திடீர்னு பாட்டு நின்னுச்சு. அடியெடுத்துக் குடுக்கணும் போலன்னு நெனச்சேன். சிரிச்சுக்கிட்டே அடுத்த வரியை நான் பாடினேன், அண்ணி. ரெண்டு வரி பாடினேன். அப்புறம்தான் எட்டிப் பாத்தேன்."

அன்றைக்கு அந்த மனுஷன்மேல் எனக்கு இரக்கம்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் வீட்டுக்கு வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. தங்கச்சி முந்தானையால் நாற்காலியைத் துடைக்கிறவரை நின்றுகொண்டே இருந்தார். டீயை மூக்கருகே கொண்டுபோய்விட்டுக் கீழே வைத்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மாப்பிள்ளையின் முன்னால் நீட்டினார். அதில் மூன்றே மூன்று வரி. இறந்தவர் வேலை நேரத்தில் குடித்திருந்தார். மேஸ்திரியைக் கேட்காமல் டேங்குக்குள் இறங்கினார். டேங்குக்குள் காற்று நன்றாகவே இருந்தது.

"யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்லை" என்றார் மேனேஜர். "போனவரு போயிட்டாரு. இருக்கறவங்க இருக்கணும்ல? எறங்கச் சொன்னது யாருன்னு கேள்வி வந்தா உங்க தலைதான் உருளும் மேஸ்திரி. நான் உங்களைக் காப்பாத்தத்தான் இதை எழுதிட்டு வந்திருக்கேன்."

மாப்பிள்ளை தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் குடிக்க மாட்டான் சார்."

"செத்தவருக்கு நல்ல பேரு எதுக்கு? பேரா சோறு போடும்? வேலை இருந்தாத்தான் வீடு. உங்க பொண்ணு வேற வெளியூர்ல படிக்குது. பாத்துக்குங்க."

மாப்பிள்ளை நாளைக்குப் பார்க்கலாம் என்று ஏதோ முனகினார். மேனேஜர் சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தங்கச்சியே கேட்டு வாங்கி, மூடியைக் கழற்றி, புருஷன் விரலிடுக்கில் செருகினாள். குழந்தைக்கு முதன்முதலாக எழுதப் பழக்குவதுபோல அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தாளின் மேல் வைத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் வாசல்படி இறங்கும்போது தங்கச்சியிடம் தணிந்த குரலில் சொன்னார். "வெள்ளிக்கிழமை விசாரணைக்கு ஆபீசர் வராரு. செத்தவரு பொண்டாட்டியும், எம்புருஷன் குடிப்பாருன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா விஷயம் முடிஞ்சுது. அது வேலையிலயே இருக்கட்டும், அந்த ரூம்லயே இருக்கட்டும். எடுத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேக்கும்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆறு முட்டை அவித்தாள் தங்கச்சி. நாலு நாளாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்த மனுஷன் நாலு முட்டை தின்றார். மஞ்சள் கரு மீசையில் ஒட்டியிருந்தது. அந்த ஊதா விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார். "குழம்பு நல்லா வந்திருக்கு" என்று வேறு சொன்னார். ஈ விழுந்துவிட்டது என்று பொய் சொல்லி என் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டேன்.

பாட்டுக்காரன் பெண்டாட்டி பின் வரிசையில் மூன்றாவது வீடு. இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. கம்பெனியிலேயே பழம் பொறுக்கும் வேலை. அவளுக்குத் தினமும் இரண்டு வேளையும் தங்கச்சிதான் சோறு கொண்டுபோனாள். முதல் இரண்டு நாள் அதைப் பார்த்து, நம்ம வளர்ப்பு வீண்போகவில்லை என்று பூரித்துப்போயிருந்தேன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகும் கொண்டுபோனாள். அதே தூக்கு, அதே சோறு. சோற்றோடு சேர்த்து, "ஆம்பளைன்னா எப்பவாவது வாயில ஊத்தத்தான் செய்வான், அதுல என்ன வெக்கம்? சொல்லிட்டா உன் பொழைப்புக்கு நல்லது" என்று அதையும் ஊட்டிப்பார்த்தாள். அவள் மசியவில்லை.

புதன்கிழமை தங்கச்சி என்னிடம் வந்தாள்.

"அக்கா, நீ போயி ஒரு வார்த்தை பேசு. நீ வெளியாளு. வயசுல பெரியவ. உன் மூஞ்சியைப் பாத்தா யாருக்கும் நம்பிக்கை வரும்."

"என் மூஞ்சியை இதுக்காடி வெச்சிருக்கேன்?"

"பின்னே? நாங்க தெருவுல நிக்கணுமா? நின்னா எங்க வருவோம், சொல்லு. உன் வீட்டுக்குத்தான் வருவோம். உன்னோட ஒத்தை ரூம்ல மூணு பேரும் வந்து படுக்கறோம். சரியா?"

நான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். போனேன் என்பதுதான் உண்மை.

அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து புருஷனின் சட்டைகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பலகையை நகர்த்திப்போட்டாள்.

"உக்காருங்க பெரியக்கா. நீங்க ஆஸ்பத்திரியில துணி தோய்க்கிறவங்கன்னு அக்கா சொன்னாங்க. இந்தக் கறைக்கு என்ன போடணும்?"

"வெந்நியில உப்பைப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிடும்மா. முழுசாப் போகாது. வெளுக்கும்." சொல்லிவிட்டுக் கேட்டேன், "எதுக்கும்மா இதை இப்பப் போயி…?"

"பிள்ளைக்குப் பாவாடை தைக்கலாம்னு. துணி நல்ல துணி." சட்டையை மூக்கில் வைத்து முகர்ந்துபார்த்தாள். "இந்த வாடையை வெச்சுத்தான் குடிகாரன்னு சொல்றாங்களாம். எட்டு மணி நேரம் சக்கைக்குள்ள நின்னா சாமி சிலைக்கும் இந்த வாடைதான் வரும். குளிக்காம பிள்ளையைத் தொட மாட்டாரு பெரியக்கா. வாசல்லயே நின்னு, தண்ணி கொண்டாடி, தண்ணி கொண்டாடின்னு கத்துவாரு."

நான் சட்டைக் காலரைக் கசக்கிக் கொடுத்தேன். கை சும்மா இருக்கவில்லை.

"நீங்க அந்த வீட்டுல இருக்கீங்க" என்றாள், என்னைப் பார்க்காமல். "அண்ணன் எதாவது சொன்னாரா? அன்னிக்கு ப்ளோயர் ஓடுச்சா, ஓடலையா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அது ஒண்ணு தெரிஞ்சா போதும் எனக்கு."

"எனக்கென்னம்மா தெரியும்? நான் ஊருக்குப் புதுசு."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! நாக்கு கூசவில்லை, குரல் நடுங்கவில்லை. அதோடு விட்டேனா? தங்கச்சி சொல்லி அனுப்பியதையும் கேட்டேன்.

"அவரு… எப்பவாச்சும், ஒண்ணு ரெண்டு தடவை, குடிப்பாராம்மா?"

அவள் சட்டையை என் கையிலிருந்து மெல்ல உருவிக்கொண்டாள். கோபப்படவில்லை. "இதைக் கேக்கத்தான் வந்தீங்களா பெரியக்கா?" என்றாள். அவ்வளவுதான். நான் எழுந்து வந்தேன். அந்த நாலு வயதுக் குழந்தை என் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்து, "டாட்டா" காட்டியது.

வியாழக்கிழமை காலையில் ஆற்றுக்குப் போனோம். மாப்பிள்ளைதான் கிளப்பினார். "நாளைக்கு விசாரணை. அதுக்கு முன்னாடி ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடறேன் அண்ணி. நீங்களும் வந்த வேலையை முடிச்ச மாதிரி இருக்கும்."

படிக்கட்டில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். முங்கி எழுந்தவர்கள் உடுத்தியிருந்த ஈரத்துணியை அப்படியே அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வேட்டியும் புடவையும் பனியனும் படிகளில் குடல் மாதிரி சுருண்டு கிடந்தன. ஷாம்பூ பாக்கெட், வாடின பூ, பாதி தின்ற ரொட்டி, எண்ணெய்ப்படலம். படி வழுவழுவென்று சளி மாதிரி இருந்தது. ஒருவர் வாய் கொப்பளித்துத் துப்பினார். அடுத்த படியில் நின்ற அம்மாள் அதே தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

ஆற்றின்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆயிரம் பேர் கொண்டுவந்து கொட்டுவதைச் சுமந்துகொண்டு அது பேசாமல் போகிறது. அது என்ன செய்யும்?

மாப்பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார். ஒன்று, இரண்டு என்று தங்கச்சி கரையிலிருந்து எண்ணினாள். பதினொன்றாவது முழுக்கில் எழுந்து, முகத்தை வழித்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்பாடா! எல்லாம் போயிடுச்சு அண்ணி. நெஞ்சு மேல இருந்த கல்லை எடுத்துக் கீழ வெச்ச மாதிரி இருக்கு. எறங்குங்க, நீங்களும் எறங்குங்க."

"எறங்குக்கா" என்று தங்கச்சி என் முழங்கையைப் பிடித்தாள்.

என் ஒரு கால் தண்ணீரில் இருந்தது. அதை எடுத்துவிட்டேன்.

"ஏன்க்கா? அழுக்கா இருக்குன்னா கொஞ்சம் மேல போயிக் குளிக்கலாம், அங்க கூட்டம் இருக்காது."

"அழுக்கைப் பாக்கலைடி" என்றேன். "இந்தாளு இப்ப எறக்கிவெச்சது மேல நான் நிக்கணுமா?"

அவளுக்குப் புரிந்தது. முகம் சிவந்துவிட்டது. மாப்பிள்ளைக்குக் காதில் விழவில்லை. அவர் கரையேறி, தலை துவட்டி, கடையில் உட்கார்ந்து பூரி கேட்டார். இரண்டாவது தட்டும் கேட்டார். கடைக்காரனிடம் ஏதோ கிண்டல் பேசினார். அவர் உதட்டில் எண்ணெய் மின்னியதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று விளங்கியது. இந்த ஆள் இனிமேல் நன்றாகச் சாப்பிடுவார், நன்றாகத் தூங்குவார். நானும் ஊருக்குப் போய்ச் சாப்பிடுவேன், தூங்குவேன். அதை நினைத்தபோதுதான் அருவருப்பு உச்சந்தலைக்கு ஏறியது. அவர்மேல் வந்ததைவிட என்மேல் அதிகமாக வந்தது.

"தலை சுத்துது, நான் முன்னாடி போறேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

நேரே கம்பெனிக்குப் போனேன். மேஸ்திரி வீட்டு ஆள் என்பதால் வாட்ச்மேன் தடுக்கவில்லை. தகரக் கொட்டகைக்குள் ஒரு பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் திராட்சைக் குலைகள் வரிசையாக வந்தன. இரண்டு பக்கமும் பெண்கள் நின்று, அழுகின பழம், இலை, புழு, வண்டு என்று கண்ணில் பட்டதைப் பொறுக்கிக் கீழே போட்டார்கள். முழங்கால் வரைக்கும் அழுகல். பாட்டுக்காரன் பெண்டாட்டி கடைசியில் நின்றாள். புருஷன் செத்து ஒரு வாரம் முடிந்த அன்றைக்கே வேலைக்கு வந்துவிட்டாள். நான் பெல்ட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

"ப்ளோயர் ஓடலைம்மா" என்றேன். இயந்திர இரைச்சலில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அதை ஹாலுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மேஸ்திரிதான் எறங்கச் சொன்னாரு. நேத்து உங்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் கை நிற்கவில்லை. ஒரு குலையைத் திருப்பிப் பார்த்தாள், நாலு பழத்தைக் கிள்ளிப் போட்டாள், குலையைத் திரும்ப வைத்தாள்.

"அண்ணனே சொன்னாரா?"

"அவரு வாயால சொன்னாரு. என் காதால கேட்டேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"சரி பெரியக்கா" என்றாள். பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். யாரும் நிமிரவில்லை. பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ஆபீசர் வந்தார். கண்ணாடி போட்ட, களைத்துப்போன மனிதர்; கையில் ஃபைல். டேங்குகள் நிற்கிற கூடத்திலேயே ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். பதினாலு எவர்சில்வர் டேங்குகள், ஒவ்வொன்றும் மாடிவீட்டு உயரம். ஏழாம் நம்பரை அதற்குள் கழுவித் துடைத்துப் புதுப்பழம் ஏற்றியிருந்தார்கள். உள்ளே பொங்குகிற சத்தம் கேட்டது. எட்டாம் நம்பரில் அன்று காலையில்தான் சாற்றை இறக்கியிருந்தார்கள். அதன் கீழ்க்கதவு திறந்து கிடந்தது. உள்ளே சக்கை கருப்பாகத் தெரிந்தது.

மேனேஜர் தாளைப் படித்துக் காட்டினார். ஆபீசர் நிமிர்ந்து, "ப்ளோயர் ஓடினதா?" என்று கேட்டார்.

"ப்ளோயர் வேர்வைக்குத்தான் சார், சும்மா ஒரு வசதிக்கு. அது இல்லாமலேயே எத்தனையோ தடவை எறங்கியிருக்காங்க. உள்ள காத்து நல்லாத்தான் இருக்கும். இந்த ஆளு போதையில விழுந்ததுதான் பிரச்சினை. மேஸ்திரியைக் கேளுங்க."

"அப்படியா மேஸ்திரி?"

மாப்பிள்ளை தலையை ஆட்டினார்.

நான் வாயைத் திறக்கப்போனேன். அதற்குள் அவள் முன்னால் வந்துவிட்டாள். குழந்தை இடுப்பில் இருந்தது. குரலை உயர்த்தவேயில்லை.

"அண்ணே, உள்ள காத்து நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நீங்க குடிக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். எட்டாம் நம்பர் தெறந்துதான் இருக்கு. அதே பழம், அதே சக்கை. எறங்குங்க."

திறந்து கிடந்த கதவைக் கையால் காட்டினாள்.

"நான் கதவுகிட்ட நிக்கறேன்ணே. நீங்க பத்தே நிமிஷம் வாரிப் போட்டா போதும்."

மேனேஜர், "என்னம்மா இது வெளையாட்டு" என்று எழுந்தார். ஆபீசர் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். பேனாவை மூடி வைத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

மாப்பிள்ளை தங்கச்சியைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். எங்கே போகவும் வழியில்லாமல் அவர் எட்டாம் நம்பர் டேங்க் வரைக்கும் நடந்தார். கதவின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தார். மூக்கில் சுருக்கென்று ஏறியிருக்க வேண்டும். சூடு பட்டவர் மாதிரி தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்தார். மறுபடி குனியப் பார்த்தார். முழங்கால் மடங்கவில்லை. அப்படியே சுவரோடு சரிந்து, தரையில் தேங்கிக் கிடந்த சாற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னால முடியாது" என்றார். "என்னால முடியாது சார். ப்ளோயர் ஓடலை. நான்தான் எறங்கச் சொன்னேன். அவன் குடிக்கலை."

ஆபீசர் பேனாவைத் திறந்தார்.

அவர் உண்மையைச் சொன்னதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை வந்துவிடவில்லை. மனசாட்சிக்காகச் சொல்லவில்லை, தன் மூச்சுக்காகச் சொன்னார். அந்தப் பெண்ணும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, தனக்கு என்ன கேள்வி இருக்கிறது என்று ஆபீசரிடம் கேட்டாள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளை ஆபீசர் ஏற்கவில்லை. கேஸ் நடக்கிறது, இன்னும் எத்தனை வருஷம் நடக்குமோ. மேனேஜரை வேறு ஊருக்கு மாற்றியதோடு சரி. மாப்பிள்ளையை வேலையை விட்டு நிறுத்தி, ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலிசெய்யச் சொன்னார்கள். பாட்டுக்காரன் பெண்டாட்டி அதே பெல்ட்டில் அழுகின பழம் பொறுக்குகிறாள். வேறு வேலை கிடைக்கவில்லையாம்.

வெள்ளிக்கிழமையிலிருந்து தங்கச்சி என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், தட்டைத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டாள். நான் அதைத் தின்னவில்லை. திங்கட்கிழமை சொல்லாமல்தான் கிளம்பினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம்பிடித்து உட்கார்ந்திருந்தபோது அவள் வருவது தெரிந்தது. தலைகூட வாராமல், வீட்டுச் செருப்போடு ஓடிவந்திருந்தாள். அறையத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு என்னக்கா" என்றாள். "நாலு நாளு லீவு போட்டு வந்தவ. ஒரு முழுக்கைப் போட்டுட்டுப் போயிருக்கக் கூடாதா?"

கேட்டுவிட்டு அழுதாள். ஏழு வயதில் அழுத அதே மாதிரி, வாயைத் திறந்து, மூக்கு ஒழுக அழுதாள். கையை நீட்டித் துடைத்துவிட வேண்டும் என்று இருந்தது. என் கை மடியிலேயே கிடந்தது. கண்டக்டர் விசில் ஊதியபிறகுதான் அவள் கம்பியை விட்டாள்.